இரண்டாவது சரணம்

போன புதன்கிழமை மத்தியானம் நீ என் காதுக்குள் இருமினாய்.

மாதாப்பூர் அலுவலகத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தயிர்சாத டப்பா திறந்தபடி இருந்தது. பழைய பாட்டுகளைப் புது ஒலியமைப்பில் மறுபடி வெளியிடப்போகிறார்கள் என்பதால், கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்துவந்து என் மேஜையில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வாத்தியம் வாத்தியமாக, குரல் குரலாகத் தனித்தனிக் கோப்புகள் இருக்கும். அவை பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று திறந்து பார்ப்பது என் வேலை. அந்தப் பாட்டும் அதில் வந்தது. தபலா, புல்லாங்குழல், வயலின் கூட்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் 'டிராக் – பெண்' என்று மட்டும் எழுதிய ஒரு கோப்பு இருந்தது. பெயர் இல்லை. திறந்தேன்.

முதலில் இருமல். அப்புறம் அதிமதுரக் குச்சியைக் கடித்துக் கன்னத்துக்குள் ஒதுக்குகிற சத்தம். அதற்குப் பிறகு, "சார், ஒன் மோர் ப்ளீஸ். பிரெத் வச்சேசிந்தி" என்றாய். மூச்சுச் சத்தம் விழுந்துவிட்டதாம், இன்னொரு தடவை பாடுகிறாயாம். யாருமே கேட்டிருக்க முடியாத ஒரு மூச்சுக்காக இன்னொரு தடவை. பிறகு பாடினாய். இரண்டாவது சரணத்தை ஒரே மூச்சில், வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரலாகப் பாடினாய்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. பக்கத்து இருக்கைப் பையன், "என்ன மேடம், ஃபைல் கரப்டா?" என்று கேட்டான். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எழுதாமல் இனி ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. பன்னிரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் மென்று விழுங்கிய ஒன்று இருக்கிறது. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் உன் தோளை உரசிக்கொண்டு நின்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தே தொடங்குகிறேன். செகந்திராபாத்தில் நம் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் நீ சோப்ரானோ, நான் ஆல்டோ. நீ உச்சிக் குரல், நான் அதற்குக் கீழே. ஆர்கன்காரர் ஒரே ஒரு தடவை எல்லாச் சுரங்களையும் சேர்த்து அழுத்துவார். அந்தக் கலவையிலிருந்து அவரவர் தங்கள் முதல் சுரத்தைப் பிடுங்கி எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. அப்பா ரயில்வேயில் பெரிய குமாஸ்தா, அம்மா மாதர் சங்கச் செயலாளர், அதனால் மகள் பாடகர் குழுவில் நின்றாக வேண்டும். அவ்வளவுதான் என் தகுதி.

உனக்கு உன் சுரம் தெரியும். என்னுடையதும் தெரியும். ஆர்கன் ஒலித்த மறுவிநாடி என் பக்கம் சாய்ந்து, உதட்டைத் திறக்காமல் என் சுரத்தை முனகுவாய். "பிடிச்சிட்டியா ட்டி?" என்று கண்ணால் கேட்பாய். தலையாட்டுவேன். இருபது வருஷத்துக்கு மேல் இது நடந்தது, ஒருவருக்கும் தெரியாது. போதகர் ஒரு தடவை எல்லார் முன்னாலும், "நம்ம சபையில ஆல்டோன்னா இவங்கதான்" என்று என்னைப் புகழ்ந்தபோது, நீ அங்கிக்கு உள்ளே கைவிட்டு என் இடுப்பில் கிள்ளினாய். சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமுவதுபோல் நடித்தேன். உன் காதை நம்பித்தான் நான் ஆண்டவருக்குப் பாடினேன் என்பது ஆண்டவருக்கும் நமக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஸ்டுடியோவுக்கு முதல்முதலாகப் போனதும் சேர்ந்துதான். கோரஸ் பாட நாலு பெண்கள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாம் இரண்டு பேரும், வேறு சபையிலிருந்து இரண்டு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்றோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ராமுலு, அப்போது அவரும் புதிதாக வந்த சவுண்ட் எஞ்சினியர்தான், ஸ்பீக்கர் வழியாகச் சொன்னார்: "ரைட் சைடு அம்மாயி, கொஞ்செம் வெனக்கி ஜரகண்டி." வலதுபக்கம் நின்றது நான். ஒரு அடி பின்னால் போனேன். மறுபடியும் "வெனக்கி" என்றார். இன்னொரு அடி. மூன்றாவது தடவை சொன்னபோது என் முதுகு சுவரில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் இடித்தது. அந்தத் தொழிலில் யாரையும் நீ சரியாகப் பாடவில்லை என்று சொல்ல மாட்டார்கள். பின்னால் போகச் சொல்வார்கள்.

நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? விறுவிறுவென்று பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாய். "எதுக்கு அவ மட்டும்? நானும் இங்கனயே நிக்கேன்" என்று அவருக்குப் புரியாத தமிழில் அவரிடமே சொன்னாய். அவர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்துவந்து உன்னை மட்டும் முன்னால் இழுத்து நிறுத்தினார். பஸ்ஸில் திரும்பும்போது, "அந்த ஆளுக்கு மைக்கு வைக்கத் தெரியலை ட்டி, அதான்" என்றாய். பொய். என் மனசு நோகக் கூடாது என்று நீ சொன்ன பொய். நானும் நம்பியதுபோல் தலையாட்டினேன். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. பிற்பாடு நானும் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அது யாருக்காகச் சொன்ன பொய் என்பதில்தான் நமக்குள் வித்தியாசம்.

அன்றைக்கே இது நமக்குச் சரிப்படாது என்று முடிவு செய்துவிட்டேன். பாட முடியாவிட்டால் பாட்டு விற்கிற இடத்திலாவது இருக்கலாம் என்று ஒரு கேசட் கம்பெனியில் தட்டச்சு வேலையில் சேர்ந்தேன். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் காலர் டியூன் வந்தது, அதுவும் போய் எல்லாம் ஃபோனுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொன்று போகும்போதும் சில பேர் வீட்டுக்குப் போனார்கள், நான் ஒரு படி மேலே போனேன். எல்லாரிடமும் நல்ல பெயர். காரணம் வேறொன்றுமில்லை, எனக்கு எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரியும். அதுதான் என் சாமர்த்தியம் என்று அப்போது பெருமையாக இருந்தது.

நீ டிராக் பாடப் போனாய். பெரிய பாடகி சென்னையிலோ மும்பையிலோ இருப்பார். பாட்டு இங்கே தயாராகும். அவர் கேட்டுக் கற்றுக்கொள்வதற்காக ஒருத்தி முழுப் பாட்டையும் முன்கூட்டிப் பாடி வைக்க வேண்டும். அவர் வந்து பாடிய பிறகு இவள் குரலை எடுத்துவிடுவார்கள். அதிலும் நீ கெட்டிக்காரி. எந்தப் பாடகிக்கு டிராக் பாடுகிறாயோ அவருடைய குழைவு, அவருடைய இழுப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து பாடுவாய், அவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. "தையக்காரர் போடுத சாக்பீஸ் கோடு ட்டி நான்" என்பாய். "தச்சு முடிச்சதும் தட்டி விட்டுருவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். ஆனால் ஒரு தடவை, மௌலா அலி ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சிரிக்காமல் சொன்னாய்: "என்னைக்காவது ஒரு வரி விட்டு வைப்பாங்க ட்டி. ஒரே ஒரு வரி. அது போதும் எனக்கு."

விட்டு வைத்தார்கள். ஒரு வரி இல்லை, ஒரு முழுச் சரணம்.

அந்தப் படத்தின் பாட்டு மறுநாள் வெளியாக வேண்டியிருந்தது. பெரிய பாடகி பல்லவியும் முதல் சரணமும் அருமையாகப் பாடிவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது சரணத்தில் அந்த உச்சி வரி அவருக்கு உட்காரவில்லை. ஜலதோஷம், விமானத்துக்கு நேரமாகிவிட்டது, வேறு என்னவோ. ராமுலு மத்தியானம் எனக்கு ஃபோன் செய்தார். "மேடம், ரெண்டாவது சரணத்துல டிராக் அம்மாவோட குரலையே வச்சிட்டோம். மியூசிக் டைரக்டர் சார் கேட்டுட்டு, இதைத் தொடாதேன்னு சொல்லிட்டார். பேர் சேத்துக்கோங்க" என்று தெலுங்கில் சொன்னார். டிராக் அம்மா யார் என்று அவர் சொல்ல வேண்டியதே இல்லை. அவர் அனுப்பிய பாட்டைப் போட்டுக் கேட்டேன். ஆயிரம் பேர் பாடினாலும் உன் குரல் எனக்குத் தெரியும். இருபது வருஷமாக என் காதுக்குள் முனகிய குரல் அது.

பாட்டு வெளியாகும் முன்னால் யார் எழுதியது, யார் பாடியது என்ற விவரப் படிவம் என் கையெழுத்துக்கு வரும். நான் கையெழுத்துப் போட்டபடிதான் உலகம் முழுக்கப் போகும். பாடியவர் என்ற இடத்தில் பெரிய பாடகியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கமா போட்டு, உன் பெயரைத் தட்டினேன். உன் பெயர் அந்தக் கட்டத்துக்குள் எவ்வளவு பாந்தமாக உட்கார்ந்தது தெரியுமா? கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பயம் வந்தது. தனிப்பாட்டு என்று சொல்லித்தான் அந்தப் பாடகியிடம் ஒப்பந்தம். இன்னொரு பெயரைப் பார்த்தால் அவருடைய மேனேஜர் குதிப்பார். எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிடுவார். நான் தலைமைப் பொறுப்புக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இதெல்லாம் நானாகக் கற்பனை செய்துகொண்டது. ஒருவரும் என்னை மிரட்டவில்லை, ஒருவரும் பெயரை எடு என்று சொல்லவில்லை. என் விரல்தான் எடுத்தது. உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தேன். கமாவையும் அழித்தேன்.

பயம் மட்டும்தானா என்று என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை. பொறாமையும் இருந்தது. ஸ்பாஞ்சில் முதுகு இடித்த அந்தப் பெண் என்னைவிட்டுப் போகவேயில்லை. நீ முன்னால் நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. இதை எழுதும்போதே முகம் சுடுகிறது. எழுதத்தான் வேண்டும்.

பெயர் விடுபட்டதோடு முடிந்திருந்தால்கூட, அலுவலகத்தில் தவறிவிட்டது என்று எதையாவது சொல்லி உன் மன்னிப்பை வாங்கியிருப்பேன். நீ மன்னிக்கிற ஆள்தான். ஆனால் பாட்டு வெளியான மறுநாள் நீ ஃபோன் செய்தாய். ஷேர் ஆட்டோவில் அந்தப் பாட்டு ஓடியதாம். இரண்டாவது சரணம் வந்ததும் பாதி வழியிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாயாம். ரோட்டில் நின்றுகொண்டு கத்தினாய்.

"ஏட்டி! கேட்டியா? ரெண்டாவது சரணம்! அது நான் ட்டி! என் குரலை அப்படியே விட்டுருக்காங்க!"

"எது?" என்றேன். எல்லாம் தெரிந்த நான், எது என்று கேட்டேன்.

"ஏ, ரெண்டாவது சரணம் முழுக்க நான்தான்! அந்த உச்சியில ஒரு சின்ன வளைவு போடுவேன்லா, அது கிடக்கு! என் மூச்சு எனக்குத் தெரியாதா?"

எதிரே கண்ணாடிக் கதவு வழியாக மேலதிகாரி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "இல்ல ட்டி. அவங்கதான் மறுபடி வந்து பாடினாங்க. உன் டிராக்கக் கேட்டு அப்படியே பாடியிருக்காங்க. அதான் உனக்கு அப்படித் தோணுது."

வண்டிச் சத்தத்துக்கு நடுவே, "நெசமாவா சொல்லுத?" என்று கேட்டாய்.

"நான் ஆபீஸ்லயேதான இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"ஹவ், ஆமா, உனக்குத் தெரியும்" என்றாய். பிறகு, "அப்ப என் காதுதான் ட்டி சரியில்லை" என்றாய். சிரித்தாய் என்றுகூட நினைக்கிறேன். அடுத்த ஆட்டோ வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாய். உன் காது சொன்னதைத் தள்ளிவிட்டு என் வாய் சொன்னதை எடுத்துக்கொண்டாய். திரும்ப உன்னைக் கூப்பிட்டு, இல்லை ட்டி, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல அந்த மத்தியானம் முழுவதும் நேரம் இருந்தது. ஃபோன் மேஜையில்தான் கிடந்தது. காலர் டியூனுக்கு எந்த முப்பது விநாடியை வெட்டுவது என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். இரண்டாவது சரணம் என்றேன். அதுதான் பாட்டிலேயே நல்ல இடம். அந்த வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு ஃபோன் செய்தால் நீ பாடினாய். நானும் ஒருமுறை உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது உன் குரல்தான் வந்தது. தன் மனைவி பாடுவது என்று தெரியாமலே அவர் அதை வைத்திருந்தார். அவர் ஃபோனை எடுப்பதற்குள் நான் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காது டாக்டரிடம் போய் வந்ததை வேடிக்கையாகச் சொன்னாய். "பெட்டிக்குள்ள உக்கார வச்சு கூ கூன்னு என்னமோ கேக்க வச்சான் ட்டி. எல்லாம் நல்லாத்தான் இருக்காம். அப்ப மண்டைதான் சரியில்ல." நானும் சேர்ந்து சிரித்தேன். ராமுலு கூப்பிட்டபோது, "நக்கோ சார், வேண்டாம், வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டாயாம். டிராக் பாடுகிறவளுக்கு மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் பிடிக்கிற காதுதான் எல்லாம், அதில் சந்தேகம் வந்துவிட்டால் பாட வாய் வராது என்று அவர் என்னிடம் வருத்தப்பட்டார். நீ மல்காஜ்கிரியில் ஒரு பள்ளிக்கூட வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாய். நல்லதுதான், நிரந்தரமான வேலை என்று நானே உனக்கு வாழ்த்தும் சொன்னேன்.

ஆனால் என்னைக் கொன்றது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் ஒலித்ததும் நீ உடனே என் பக்கம் சாயவில்லை. அங்கிக்குள்ளிருந்து ஃபோனை எடுத்தாய். சுருதி காட்டுகிற ஏதோ ஒரு ஆப்பை அதில் இறக்கி வைத்திருந்தாய். வாய்க்குள் முனகி, அது பச்சை விளக்கு காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் எனக்குச் சுரம் தந்தாய். அந்த ஆப்தான் உன்னிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும். வாராவாரம் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நான் செய்த காரியம் இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. நீ தந்த சுரத்தை வாங்கிக்கொண்டு பாடினேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். கணையத்தில் புற்று, மூன்று மாதம்தான் என்று சொல்லியிருந்தார்கள். கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. சாயங்கால ஆராதனைப் பாட்டு ஒன்றைப் பாடலாமா என்று நீயே கேட்டாய். அறையில் நாம் இருவர்தான். கண்ணை மூடி என் சுரத்தை முனகினாய். பிறகு கண்ணைத் திறந்து, "சரியா இருக்கா ட்டி?" என்று கேட்டாய்.

ஃபோன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, அதனால் என்னைக் கேட்டாய். என்னை! ஒரு சுரத்தைக்கூடத் தானாகப் பிடிக்கத் தெரியாத என்னை. "சரியாத்தான் இருக்கு" என்றேன். பாடினோம். பாட்டு முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பாட்டு முடிந்தது. யாரும் உள்ளே வரவில்லை, எதுவும் குறுக்கிடவில்லை. நான்தான் சொல்லவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

இந்த வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை புதுப் பதிப்புக்கான விவரப் படிவத்தை எடுத்துக்கொண்டு இப்போதைய மேலதிகாரியிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பழைய படிவத்தில் ஒரு பெயரை நான் தெரிந்தே விட்டுவிட்டேன், அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி என்றேன். பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. அவர் உன் கோப்பைப் பத்து விநாடி கேட்டார். "ஓகே மேடம், ஆட் பண்ணிடலாம்" என்றார். "அந்தப் பாடகியின் தரப்பில் ஏதாவது சொன்னால்?" என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் இப்ப யாரு கோபப்படுறா? ரசிகர்களுக்குப் பிடிக்கும்" என்று அடுத்த தாளை எடுத்துவிட்டார். நான் கொண்டுபோன டீ ஆறக்கூட இல்லை. இவ்வளவு சுலபமான காரியமா இது! அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று ஆராதனை முடிந்ததும் மௌலா அலியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் வீட்டில் இருந்தாள். பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கி எழுந்த முகம். உன் நெற்றி அவளுக்கு. லேப்டாப்பைத் திறந்து அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். உன் இருமலைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள். அதிமதுரச் சத்தத்துக்கு அழத் தொடங்கினாள். பாட்டு முடிகிறவரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கமாவைக்கூட விடவில்லை.

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தாள். "ஆன்ட்டி, அம்மா ஒரு எடத்துல இல்ல, மூணு எடத்துல காது டெஸ்ட் எடுத்தாங்க. தேக்கோ, பாருங்க. எல்லாமே நார்மல். டாக்டர்ஸ் சும்மா சொல்றாங்கன்னு சொல்வாங்க. அந்தப் பாட்டு டிவில வந்தா சேனல் மாத்திடுவாங்க. கேட்டா, 'அந்தப் பாட்டு என்னை ஏமாத்திருச்சு'ம்பாங்க."

மூன்று தாளையும் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு காதுக்கும் கோடு நேராகப் போகிறது.

"ஏக் ஃபோன் கால், ஆன்ட்டி" என்றாள். ஒரே ஒரு ஃபோன். குரலை உயர்த்தவில்லை. திட்டவும் இல்லை. ஹெட்ஃபோனை எடுத்து மறுபடி தன் காதில் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து போடச் சொன்னாள். நான் கிளம்பும்போது அவள் எழுந்து வரவில்லை. அது சரிதான்.

அடுத்த மாதம் பாட்டு வரும்போது உன் பெயரும் வரும். ஃபோனில் அந்தப் பெயரைத் தொட்டால் ஒரே ஒரு பாட்டு காட்டும். ஊரெல்லாம் பார்க்கலாம். பார்க்க வேண்டிய நீ மட்டும் பார்க்க மாட்டாய். ஆகவே இதைப் பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. உன் பெயரைப் போட்டு என் மனசை ஆற்றிக்கொள்கிறேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

இன்று காலையும் ஆல்டோ வரிசையில்தான் நின்றேன். ஆர்கன் ஒலித்தது. நான்கு வருஷமாகியும் என் தலை தானாக உன் பக்கம் சாய்கிறது. அங்கே இப்போது ஒரு புதுப் பெண் நிற்கிறாள், மாதாப்பூரில் ஏதோ சாஃப்ட்வேர் வேலை. அவளுக்கு அவள் சுரம் மட்டும்தான் தெரியும். எல்லாரும் தொடங்கிய பிறகு அரைத் தட்டு தாமதமாக நானும் உள்ளே நுழைகிறேன். போதகருக்கும் அது தெரிகிறது. நீ என் காதில் வைத்துவிட்டுப் போன சுரங்கள் அத்தனையும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எதை எப்போது எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்கு ரோட்டில் நின்றுகொண்டு நீ கேட்டதற்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. சொல்கிறேன்.

கேட்டேன் ட்டி. இரண்டாவது சரணம் முழுக்க நீதான். உன் காது சரியாகத்தான் இருந்தது.